குளம் பெருகித்தான் கெடக்கு, குடத்தத்தான் காணோம்

ஏலே பேரப்பிள்ளே, இங்கன வா. கரையில நிக்கிற கொடுக்காப்புளி எந்தச் சீமை மரம்னு நேத்து கேட்டேன். நீ போனைக் கேட்டே. மெக்சிக்கோப் பக்கம்னு அது ஒத்த வரியில சொல்லிச்சு. ஒடனே நீ என்னமோ மெக்சிக்கோவுக்கே போயிக் கொட்டை பொறுக்கிட்டு வந்தவன் கணக்கா நெஞ்சை நிமித்துதே!

சரி, போனுக்கு எவம்ல சொன்னது? எங்கயோ ஒரு வாத்தியாரு, ராச்சோறு தின்னுட்டு, காலணாக் கூலியில்லாம விக்கிப்பீடியாவுல எழுதி வச்சிருப்பாரு. 2001-ல வெட்டுன குளம்லே அது. தமிழுக்கு 2003-லயே மடை தொறந்தாச்சு.

2012-ல கூகிள்காரன் தேடுத பக்கத்து ஓரத்துலயே ஒரு பெட்டியை வச்சு, நாலு வரி மொண்டு ஊத்துனான். 2022 கடைசியில சாட்ஜிபிடி வந்துது. 2024-ல கூகிள் உச்சியிலயே ஏஐ பதிலும் வந்துட்டு. வாசல்லயே தாகம் தீந்தா எவன் குளத்துக்கு நடப்பான்? மிச்சப் பொழுதைத்தான் அந்த அரை நிமிசக் கூத்துப் படங்க தின்னுடுதே.

இதுல ஒரு வேடிக்கை. 2025-ல பிரேசில் பக்கமிருந்து விக்கிப்பீடியாக் குளத்துக்கு ஜேஜேன்னு கூட்டம் வந்துச்சாம். உத்துப் பாத்தா, அதுல நெறைய மனுச வேசம் கட்டுன எந்திரங்க! சோளக்கொல்லைப் பொம்மைக்கெல்லாம் எலை போட்டுப் பந்தியை எண்ணுன கதைதான். அதைக் கழிச்சா, முந்தின வருசத்தை விட மனுசன் பாக்குதது 8 சதவீதம் போலக் கொறவு. ஆனா எறைப்பு கொறஞ்சிச்சா? படம், காணொளி எறங்குதது மட்டும் 2024 சனவரிக்குப் பொறவு 2025-க்குள்ள 50 சதவீதம் ஏறிட்டு. பெரும்பாலும் எந்திரம் அள்ளுததுதான். மோட்டார் ஓடுதுலே, குடம் தூக்கிட்டு வாரவளைத்தான் காணோம்.

"தண்ணி கெடைக்குதுல்லா, பொறவென்ன"ங்குதே. அட கூறுகெட்டவனே, கரையில நடந்தவனுக்குத்தான உடைப்பு தெரியும்? ஒரு தப்பைப் பாத்து மனசு பொறுக்காம "தொகு"வை அமுக்குனவன்தான் பொறவு நூறு கட்டுரை எழுதுதான். உண்டியல்ல அம்பது ரூவா போடுதவனும் வந்துபோற ஆளுதான். இது குடிமராமத்துக் குளம்லே, சர்க்காரு சம்பளமா குடுக்கு? மோட்டார் என்னைக்காவது மம்மட்டி பிடிச்சுத் தூர் வாரிச்சா?

நம்ம பக்கம் கொருக்காப்புளிம்பாங்களே, அந்தப் பேரு அங்கன இருக்கான்னு பாரு. இல்லன்னா நீயே எழுது. சான்று கேப்பாங்களா? எம்பது வருசமா அதைத் தின்ன பல்லு ரெண்டு பாக்கி இருக்கு, படம் பிடிச்சுப் போடு.