உள்ளேன் ஐயா!

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் பொறியியல் படிக்கும் பிள்ளைக்கு 75 சதவீத வருகை வேண்டும். ஒரு சதவீதம் குறைந்தால் குற்றவாளி. 'மெடிக்கல் சர்டிஃபிகேட் கொண்டு வா, கண்டோனேஷன் கட்டு' என்பார்கள். கட்டியதும் வராத நாளெல்லாம் வந்த நாளாகிவிடும். 65-க்குக் கீழே போனால் பணத்துக்கும் தீராத பாவம். பரீட்சை கிடையாது, அதே செமஸ்டரை மறுபடி படி.

ஒழுங்கு வேண்டும்தான். ஆனால் யாருக்கு?

2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. 224 கல்லூரிகளில் 353 பேராசிரியர்கள் ஒரே சமயத்தில் பல இடங்களில் 'முழுநேரப்' பணியில் இருந்தார்களாம். பல்கலைக்கழகமும் தோண்டிப் பார்த்தது. சுமார் 2,000 பணியிடங்களை வெறும் 189 பேர் நிரப்பியிருக்கிறார்கள் என்றார் அன்றைய துணைவேந்தர் வேல்ராஜ். அதில் ஒருவர் 32 கல்லூரிகளில்! கோபியர் ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்ற கண்ணன்கூட அங்கே நிஜமாகவே நின்றான். இவர் பெயர் மட்டும் நின்றது. அந்தப் பெயரை நம்பித்தான் ஆண்டுதோறும் ஆய்வு முடிந்தது, அங்கீகாரம் வந்தது, கவுன்சிலிங்கில் சீட்டும் நிரம்பியது.

மாணவன் ஒரு வகுப்புக்கு வராவிட்டால் ஆப்சென்ட். ஆசிரியர் எந்த வகுப்புக்கும் வராவிட்டால் அங்கீகாரம்.

வகுப்புக்குப் போகிறவர்கள் நன்றாகத் தேறுகிறார்கள் என்பது பொய்யல்ல. அமெரிக்காவில் கிரேடே குழுவினர் பல ஆய்வுகளைத் திரட்டி 2010-இல் வெளியிட்ட கட்டுரை அதைத்தான் சொல்கிறது. கல்லூரி மதிப்பெண்ணைக் கணிப்பதில் நுழைவுத் தேர்வையும் பள்ளி மதிப்பெண்ணையும் வருகைப் பதிவு முந்திவிட்டது. ஆனால் வருகையைக் கட்டாயமாக்கியதால் மதிப்பெண் கூடியது கொஞ்சம்தான் என்றும் அதே கட்டுரை சொல்கிறது. நம்மவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள். அதுவும், படித்திருந்தால்.

வருகை மீது அப்படியொரு பக்தி என்றால், பட விளம்பரத்துக்கு நடிகர் வரும்போது அது எங்கே போகிறது? வகுப்புகளைக் காலி செய்து அரங்கத்தில் அடைக்கிறார்கள். விசிலடித்தவனுக்கும் 'ஆன் டியூட்டி' வருகை. தெர்மோடைனமிக்ஸ் போனால் போகிறது.

யாராவது ஒரு தகப்பன் கல்லூரி அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்: "உங்கள் பேராசிரியர் எங்களுக்குக் கிடைத்தது முப்பத்திரண்டில் ஒரு பங்கு. கட்டணத்திலும் அந்த ஒரு பங்கைத்தான் கட்டுவேன்." ஹால் டிக்கெட் வருகிறதா என்று பார்ப்போம்.