தங்கவயல் கதைமாந்தரின் சட்டைப்பை: ஓர் ஆய்வு

கோலார்த் தங்கவயலைக் களமாகக் கொண்ட படங்களில் ஒருவன் முதலாளியா கூலியா என்றறிய வசனம் கேட்க வேண்டியதில்லை. அவன் உடுப்பில் எத்தனை பை என்று எண்ணினால் போதும். இதுவே இக்கட்டுரையின் துணிபு. 'ஆள் பாதி ஆடை பாதி' என்ற முன்னோர், பைக் கணக்கைச் சொல்லாமல் விட்டுவிட்டனர். அக்குறை ஈண்டு நீக்கப்படுகிறது.

முதற்சான்று, 'கே.ஜி.எஃப்.' முதல் பாகம் (2018). நராச்சிச் சுரங்கத்துக்குள் கூலியாளாக நுழைகிறான் நாயகன் ராக்கி. அழுக்குத் துணி, கரி படிந்த முகம், பை பூஜ்யம். 2022-இல் வந்த இரண்டாம் பாகத்தில் அதே ஆள் கோட்டு சூட்டோடு நிற்கிறான். கோட்டுக்கு வெளியே மூன்று, உள்ளே இரண்டு, கால்சட்டையில் நான்கு எனக் கொண்டால், அடிமை அரசனான செய்தியை ஒன்பது பைகள் அறிவித்துவிடுகின்றன. இடையில் விழுந்த கொலைகள் உபரித் தகவல்.

அஃதாக, நிஜத் தங்கவயலில் நிலைமை என்னை? சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். குளிரூட்டிய காற்றை உள்ளே அனுப்பியும், ஷிஃப்டுக்கு இறங்கியவர் மேலே துணி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ராக்கி அங்கே சூட்டோடு இறங்கியிருந்தால் இடைவேளைக்கு முன்பே படம் முடிந்திருக்கும். சுரங்கத்தை நடத்த 1880-இல் வந்த ஜான் டெய்லர் கம்பெனியின் துரைமார் கோட்டு மாட்டிக்கொண்டது மேலே, கிளப்பில். ஆழம் கூடக் கூடப் பை குறையும் என்க.

விசித்திரம் என்னவென்றால், மேலே வருகையில் தங்கம் ஒளித்திருக்கிறானா என்று சோதனை போட்டது பை இல்லாதவனைத்தான். லாபமோ லண்டன் பங்குதாரர் பைக்கு முறைப்படி போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. துணியைத் தடவிச் சலித்த நிர்வாகம் 1930-இல் விரலுக்குத் தாவியது: எல்லோரும் கைரேகை பதிய வேண்டும் என்றது. தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள்; ஆணை வாபஸ் ஆயிற்று.

இனிப் புறனடை. பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' (2024) எங்கள் விதியைப் படாதபாடு படுத்துகிறது. கோட்டும் கால்சட்டையுமாகக் குதிரையில் ஊர் திரும்பும் நாயகன் தங்கலான் பைக் கணக்கின்படி துரைதான். ஆனால் கோட்டைக் கொடுத்தவன் வெள்ளைக்காரன். வேலைக்கு ஆள் சேர்க்க. பைகள் உண்டு, உள்ளே ஒன்றுமில்லை. அதைவிடச் சிக்கல், ஊர்ப் பெண்களுக்கு ரவிக்கை கிடைக்கும் காட்சி. ரவிக்கைக்கு ஏது பை? சூத்திரப்படி அதன் மதிப்பு பூஜ்யம். ஆயினும் அதை உடுத்தியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் குதூகலிக்கையில், அந்தப் படத்தின் எந்தக் கோட்டுக்கும் கிடைக்காத மரியாதை அந்த முழத்துணிக்குக் கிடைக்கிறது. அவ்விடத்தில் எண்ணுவதை விட்டுவிட்டுப் படம் பார்க்க வேண்டியதாயிற்று.

ஓர் ஐயம் மட்டும் தீரவில்லை. அத்தனை புழுதியில் ராக்கியின் சூட்டை வெளுத்து இஸ்திரி போட்டவர் யார்? தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் தேடினால் ஒருவேளை அகப்படலாம். பல்கலைக்கழகம் ஏதேனும் படிக்காசு தந்தால், அன்னாரின் சட்டையில் எத்தனை பை என்பதையும் ஆராயச் சித்தமாயிருக்கிறோம்.