ரசீது எங்கே?

மன்னார்குடி வாசகர்: அமெரிக்காவுக்கு சோஷலிசம் என்றாலே ஆகாது, இல்லையா ஐயா?

எந்த நாட்டு சோஷலிசம் என்று சொல்லுங்கள். யுகோஸ்லாவியாவின் டிட்டோ அசல் கம்யூனிஸ்ட். 1948-இல் ஸ்டாலினோடு அவருக்கு முறிந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்கக் கடன் வந்தது, அதன்பின் உணவு வந்தது, ஆயுதமும் வந்தது. சவுதி அரேபியா தன் எண்ணெய் முழுவதையும் அரசுடைமை ஆக்கிக்கொண்டது. அராம்கோவில் அரசின் பங்கு 1973-இல் 25 சதவீதம், 1974-இல் 60, 1980-இல் 100. வாஷிங்டன் முகம் சுளிக்கவில்லை. அமெரிக்கக் கம்பெனிகளுக்கு உரிய பணம் போய்ச் சேர்ந்துவிட்டது.

கரூர் வாசகர்: அப்படியானால் அமெரிக்கா எதிர்ப்பது எதைத்தான்? ஒரே வரியில்!

ரசீது இல்லாத தேசியமயமாக்கலை.

மதுரை கல்லூரி மாணவி: அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியுமா? நிரூபிக்க ஓர் உதாரணம் தாருங்கள்.

1952-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் குவாத்தமாலாவின் அதிபர் ஹகோபோ அர்பென்ஸ் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தார். பெரிய பண்ணைகளில் சாகுபடி ஆகாமல் கிடந்த நிலத்தை மட்டும் எடுத்து நிலமில்லாதவர்களுக்குக் கொடுப்பது திட்டம். அதிபரின் சொந்த நிலமும் அதில் போனது. அக்டோபரில் பொலிவியாவின் புரட்சி அரசு நாட்டின் மூன்று பெரிய வெள்ளீயச் சுரங்கக் குழுமங்களை மொத்தமாக எடுத்துக்கொண்டது. மறு ஆண்டு அங்கும் நிலச் சீர்திருத்தம் வந்தது. இரண்டில் தீவிரமானது பொலிவியாதான்; பழைய ராணுவத்தையே அவர்கள் ஏறக்குறையக் கலைத்துவிட்டிருந்தார்கள்.

1953 தொடக்கத்திலிருந்து இரண்டையும் கவனித்தது ஒரே அதிபர் ஐசன்ஹோவர், ஒரே வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ். பொலிவியாவுக்கு அதிபரின் தம்பி மில்டன் ஐசன்ஹோவர் நேரில் போய்விட்டு வந்து, உதவி செய்யலாம் என்றார். சில ஆண்டுகளில் பொலிவிய அரசின் பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்கப் பணமாக இருந்தது. குவாத்தமாலாவுக்குப் போனது சி.ஐ.ஏ. ஆயுதம் கொடுத்துத் தயார்செய்த படை. 1954 ஜூன் 27 அன்று அர்பென்ஸ் பதவி விலகினார்.

பொலிவியச் சுரங்கங்களின் முதலாளிகள் பத்தீன்யோ, ஹோக்ஷில்ட், அரமாயோ குடும்பத்தினர். அமெரிக்கப் பங்கு சிறிது. நஷ்டஈடு தருவோம் என்று புதிய அரசு ஒப்புக்கொண்டது, நாங்கள் கம்யூனிஸ்டுகள் அல்ல என்று வாஷிங்டனுக்கு உறுதியும் சொன்னது. குவாத்தமாலாவில் நிலத்தை இழந்தது யுனைடெட் ஃப்ரூட் என்ற அமெரிக்க வாழைப்பழக் கம்பெனி. டல்லஸ் அமைச்சராகும் முன் இருந்த சட்ட நிறுவனம் அந்தக் கம்பெனிக்கு வேலை பார்த்தது. போதாக்குறைக்கு, அர்பென்ஸுக்கு நெருக்கமான ஆலோசகர்களில் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள்.

இதில் எது பெரிய காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஒன்றைச் சொல்ல வேண்டும்: அர்பென்ஸ் விழுந்த அடுத்த மாதமே அதே யுனைடெட் ஃப்ரூட் மீது அமெரிக்க நீதித்துறை ஏகபோக வழக்குத் தொடுத்தது. கம்பெனியின் கைப்பாவையாக மட்டும் இருந்த அரசு அதைச் செய்திருக்காது. கம்பெனியின் புகார் இல்லாவிட்டால் அந்தச் சிறு நாட்டின் பக்கம் வாஷிங்டன் அவ்வளவு சீக்கிரம் திரும்பியிருக்காது. கம்யூனிஸ்ட் பயம் இல்லாவிட்டால் புகார் கோப்பிலேயே தூங்கியிருக்கும். இது என் கணிப்பு.

குவாத்தமாலாவில் சுமார் 1 லட்சம் குடும்பங்களுக்குக் கிடைத்த நிலம் அநேகமாகத் திரும்பப் பிடுங்கப்பட்டது. 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர். இறந்தவர்களும் காணாமல்போனவர்களும் 2 லட்சத்துக்கு மேல் என்று 1999-இல் உண்மை அறியும் ஆணையம் சொன்னது. பெரும்பாலோர் மாயா பழங்குடி மக்கள். ஒரு நிலச் சட்டத்தை வாஷிங்டனால் பொறுத்துக்கொள்ள முடியாததற்கு இவ்வளவு பெரிய விலையை அவர்கள் ஏன் கொடுக்க வேண்டும்?

திருநெல்வேலி வழக்கறிஞர்: ஒருவரின் சொத்தை எடுத்தால் நஷ்டஈடு கேட்பது நியாயம்தானே?

நியாயம்தான், சந்தேகமே இல்லை. எவ்வளவு என்பதில்தான் தகராறு. பத்திரப்பதிவின்போது நிலத்தின் மதிப்பைக் குறைத்துக் காட்டிவிட்டு, சாலை போட அரசு எடுக்கும்போது சந்தை விலை கேட்கிறவர்களை நீங்கள் நீதிமன்றத்தில் பார்த்திருப்பீர்கள். யுனைடெட் ஃப்ரூட் செய்தது அதுதான். வரிக்காகக் கம்பெனியே காட்டிய மதிப்பில், 25 ஆண்டுப் பத்திரமாக, 3 சதவீத வட்டியோடு தருகிறோம் என்றது குவாத்தமாலா. முதலில் எடுத்த பெருநிலத்துக்கு அந்தக் கணக்கில் வந்தது சுமார் 6 லட்சம் டாலர். 1954 ஏப்ரலில் கம்பெனி சார்பில் கடிதம் எழுதிய அமெரிக்க வெளியுறவுத்துறை கேட்டது சுமார் 1 கோடியே 58 லட்சம் டாலர்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் ஜப்பானில் அமெரிக்க ஜெனரல் மெக்ஆர்தரின் ஆட்சி நிலச்சுவான்தார்களிடமிருந்து நிலத்தை எடுத்துக் குத்தகைதாரர்களுக்குக் கொடுத்தது. அங்கும் பத்திரம்தான், அதன் மதிப்பைப் பணவீக்கம் கரைத்துவிட்டது. அதை வாஷிங்டன் சாதனை என்றது. உண்மையிலேயே சாதனைதான். அதில் பெரும்பங்கு வகித்த உல்ஃப் லாடஜின்ஸ்கி தைவான் சீர்திருத்தத்துக்கும் ஆலோசனை சொன்னவர். 1954 முடிவில் அமெரிக்க விவசாயத்துறை அவரையே பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று ஒதுக்கியது. கண்டனம் கிளம்பியதும் இன்னொரு துறை அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. பின்னாளில் நம் திட்டக் கமிஷனுக்காகத் தஞ்சாவூர் உள்ளிட்ட மாவட்டங்களின் குத்தகை நிலைமையை ஆராய்ந்து எழுதியவரும் இவரே. உழுகிறவனுக்கு நிலம் சேராமல் விளைச்சல் பெருகாது என்று கடைசிவரை வாதாடிய மனிதர். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு.

ஈரோடு வாசகர்: இதெல்லாம் இடதுசாரிகள் கட்டிவிட்ட கதை என்கிறான் என் நண்பன்.

1975-இல் சி.ஐ.ஏ.வின் ரகசிய வேலைகளைத் தோண்டி வெளியிட்டது அமெரிக்க செனட்டின் சர்ச் கமிட்டி. ஈரானில் 1953-இல் பிரதமர் மொசாதேக்கைக் கவிழ்த்ததில் தன் பங்கை ஒப்புக்கொள்ளும் ஆவணம் 2013-இல் சி.ஐ.ஏ.விடமிருந்தே வந்தது. செய்ததைப் பின்னால் வெளியே சொல்லும் வழக்கம் அந்த நாட்டுக்கு உண்டு. அதற்காக நான் அமெரிக்கர்களை மதிக்கிறேன்.

புதுச்சேரி வாசகர்: சிலியில் அயெந்தே விழுந்தது அமெரிக்காவாலா, அவருடைய பொருளாதாரக் கொள்கையாலா?

இரண்டையும் பிரிக்க முடியாதபடி செய்துவிட்டார்கள். என் ஆத்திரமே அதுதான்.

1970 செப்டம்பர் 4 அதிபர் தேர்தலில் சல்வடோர் அயெந்தே சுமார் 36 சதவீத ஓட்டோடு முதலிடம் பெற்றார். செப்டம்பர் 15 அன்று, சிலியின் பொருளாதாரத்தைக் கதறவைக்க வேண்டும் என்ற நிக்சனின் உத்தரவை சி.ஐ.ஏ. இயக்குநர் ஹெல்ம்ஸ் கைப்படக் குறித்துவைத்தார். அப்போது அயெந்தே பதவியே ஏற்றிருக்கவில்லை. ஒரு கொள்கையும் அமல்படுத்தியிருக்கவில்லை. நோயாளி வரும் முன்பே மருந்துச் சீட்டு தயார்.

1971 ஜூலை 11 அன்று செம்புச் சுரங்கங்களை அரசுடைமையாக்கும் திருத்தத்தைச் சிலியின் காங்கிரஸ் ஒருமனதாக நிறைவேற்றியது. வலதுசாரிகளும் கை தூக்கினார்கள். பிறகு அயெந்தே, 1955 முதல் 12 சதவீதத்துக்கு மேல் எடுத்த லாபம் எல்லாம் அதிகப்படி என்று கணக்கிட்டு நஷ்டஈட்டில் கழித்தார். அனகோண்டா, கென்னகாட் கம்பெனிகளின் பெரிய சுரங்கங்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. போயிங் விமானம் வாங்கக் கேட்ட கடனை அமெரிக்க ஏற்றுமதி இறக்குமதி வங்கி மறுத்தது. உலக வங்கியிடமிருந்து புதுக் கடன் இல்லை. ராணுவ உதவி மட்டும் நிற்கவில்லை. அந்த மூன்று ஆண்டில் சி.ஐ.ஏ. ரகசியமாகச் செலவிட்டது 80 லட்சம் டாலர் என்று சர்ச் கமிட்டி கணக்குச் சொன்னது. கடைசி ராணுவப் புரட்சியில் நேரடிப் பங்குக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் அதே கமிட்டி எழுதியது.

அயெந்தேயின் அரசும் தவறு செய்தது. சம்பளத்தை ஒரேயடியாக ஏற்றி, பற்றாக்குறைக்கு நோட்டு அடித்து, விலையையும் கட்டிவைத்தால் கடையில் சரக்கு இருக்காது, இருக்கவில்லை. ஆனால் தன் தவறிலிருந்து தானே பாடம் கற்கும் வாய்ப்பும் அடுத்த தேர்தலில் ஆட்சியை மாற்றும் வாய்ப்பும் சிலி மக்களுக்கு இருந்தன. 1973 செப்டம்பர் 11-இன் ராணுவப் புரட்சி அவற்றைப் பறித்தது.

அதன்பின் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் பினோசே என்ன செய்தார் தெரியுமா? சந்தைதான் எல்லாம் என்ற சிகாகோ பொருளாதார நிபுணர்களின் பேச்சைக் கேட்டு எத்தனையோ அரசு நிறுவனங்களை விற்றார். அயெந்தே எடுத்த செம்புச் சுரங்கங்களை விற்கவில்லை. 1976-இல் கோடெல்கோ என்ற அரசு நிறுவனமாக அமைத்தார். அதன் செம்பு விற்பனையில் 10 சதவீதம் ராணுவத்துக்குப் போனது. அமெரிக்கக் கம்பெனிகளுக்கு நஷ்டஈடு கொடுத்தாயிற்று. வாஷிங்டனுக்கு ஆட்சேபம் இல்லை. கோடெல்கோ இன்றும் அரசின் நிறுவனம்.

யாழ்ப்பாணம் வாசகர்: எங்கள் இலங்கை இந்தக் கணக்கில் எங்கே வருகிறது?

முதல் வரிசையில். சொத்தை எடுத்து நஷ்டஈடு தராத நாட்டுக்கு உதவியை அமெரிக்கா நிறுத்த வேண்டும் என்ற ஹிக்கன்லூப்பர் திருத்தம் 1962-இல் வந்தது. அது முதன்முதலில் பாய்ந்தது இலங்கை மேல், 1963 பெப்ரவரியில். சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு, எஸ்ஸோ, கால்டெக்ஸ் கம்பெனிகளின் சொத்துகளில் ஒரு பகுதியைப் புதிய பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்காக எடுத்திருந்தது. 1965-இல் டட்லி சேனநாயக்க வந்தார், நஷ்டஈடு பேசி முடித்தார், உதவி திரும்பியது. கூட்டுத்தாபனம் அரசிடமேதான் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அதற்கும் முந்தியது 1952-இன் ரப்பர்-அரிசி ஒப்பந்தம். அப்போதும் டட்லிதான் பிரதமர், கம்யூனிசத்தை எதிர்த்த கட்சியின் தலைவர். அரிசிக்குத் தட்டுப்பாடு, ரப்பர் விலை வீழ்ச்சி. கம்யூனிஸ்ட் சீனா ரப்பருக்குச் சந்தையைவிடக் கூடுதல் விலை கொடுத்து, அரிசியை மலிவாகத் தந்தது. இதற்காக இலங்கைக்கு அமெரிக்க உதவி சில ஆண்டுகள் கிடைக்கவில்லை. அங்கே பொருளாதாரக் கொள்கை எதுவும் மாறவில்லை, யாருடைய சொத்தும் போகவில்லை. மக்களுக்குச் சோறு போட ஓர் அரசு சரக்கை மாற்றிக்கொண்டது. டட்லி பணியாததை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

சேலம் வாசகர்: நேருவின் பொதுத்துறையை அமெரிக்கா ஏன் விட்டுவைத்தது?

நேரு அமெரிக்கச் சொத்தைத் தொடவில்லை. அதனால் தண்டனை இல்லை. வரம் கேட்டபோது கிடைக்கவில்லை, அவ்வளவே. பொகாரோ உருக்காலைக்குக் கென்னடி உதவ விரும்பினார், தூதர் கால்பிரெய்த் வாதாடினார். தனியாரோடு போட்டியிடும் அரசு ஆலைகளுக்கு உதவக் கூடாது என்று 1963 மார்ச்சில் வெளிநாட்டு உதவியை ஆராய்ந்த கிளே கமிட்டி சொன்னது. அமெரிக்கக் காங்கிரஸும் முரண்டு பிடித்தது. கென்னடிக்குச் சங்கடம் வேண்டாம் என்று நேரு கோரிக்கையைத் திரும்பப் பெற்றார். ஆலையைக் கட்ட சோவியத் யூனியன் வந்தது.

நாகர்கோவில் வாசகர்: நார்வே எண்ணெயை அரசே வைத்திருக்கிறது. அதை ஏன் யாரும் ஒன்றும் செய்யவில்லை?

கம்பெனிகளுக்குக் கொடுத்ததை நார்வே பின்னால் பறிக்கவில்லை. புதிய உரிமம் தரும்போதே அரசுப் பங்கைப் பேசிவைத்தார்கள். நேட்டோவின் தொடக்ககால உறுப்பினர் வேறு.

கோவை தொழில்முனைவோர்: சீனாவின் மாதிரியோடு நாற்பது ஆண்டு வியாபாரம் செய்துவிட்டு இப்போது ஏன் இந்த வர்த்தகப் போர்?

1979-இல் சீனா பழைய சொத்துகளுக்கு 8 கோடி டாலர் அளவில் கொடுத்துக் கணக்கை முடித்தது. அரசு வங்கி, அரசு ஆலை, மானியம் எல்லாம் 2001-இல் உலக வர்த்தக அமைப்பில் சேரும்போதும் இருந்தன. சீனா பொம்மையும் சட்டையும் தைத்தவரை அது வாஷிங்டனுக்குப் பொறுக்கக்கூடிய தொந்தரவு. சிப்பும் தொலைத்தொடர்பும் செய்யத் தொடங்கியபோது அச்சுறுத்தல் ஆனது: 2018-இல் வரி, 2022 அக்டோபரில் சிப் ஏற்றுமதித் தடை. கூட்டாளியான ஜப்பானின் சில பொருள்கள் மீதும் 1987-இல் சிப் தகராறில் அமெரிக்கா 100 சதவீத வரி போட்டது. முதலிடத்துக்குப் பக்கத்தில் வந்தவர்களுக்குத் தனிக் கணக்கு.

இதில் சீனாவின் மேல் உள்ள புகார்கள் பொய்யல்ல. சீன மானியத்தால் நொடித்துப்போன ஆலைகள் பல நாடுகளில் உண்டு. அமெரிக்காவும் 2022 ஆகஸ்டில் சிப் தொழிலுக்கு 5,000 கோடி டாலருக்கு மேல் மானியச் சட்டம் போட்டது. 2025 ஆகஸ்டில் இன்டெலில் சுமார் 10 சதவீதப் பங்கை அரசே எடுத்துக்கொண்டது. அதைத் தவறென்று சொல்லமாட்டேன். அதையே வேறொரு சிறு நாடு செய்தால் தவறென்று சொல்ல இனி முடியாது.

சென்னை வாசகி: போரிட்ட வியட்நாமோடு கைகுலுக்கினார்கள். கியூபாவை மட்டும் ஏன் விடவில்லை? பாக்கியைக் கட்டினால் விடுவார்களா?

வியட்நாம் 1995 ஜனவரியில் 20 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்துப் பழைய சொத்துக் கணக்கை முடித்தது. அதே ஆண்டு தூதரக உறவு வந்தது. ஆட்சியில் கம்யூனிஸ்ட் கட்சிதான், இன்றும். கியூபாமீது அமெரிக்க ஆணையம் உறுதிசெய்த கோரிக்கைகள் 5,913. அசல் மட்டும் சுமார் 190 கோடி டாலர்.

அதைக் கட்டினாலும் தடை தானாக நீங்காது. என் ரசீது சூத்திரம் கியூபாவிடம் தோற்கிறது. 1996-இன் ஹெல்ம்ஸ்-பர்ட்டன் சட்டம், எந்த மாதிரி அரசு அங்கே வர வேண்டும் என்பதையே நிபந்தனையாக எழுதிவைத்திருக்கிறது. 1960 ஏப்ரலில் வெளியுறவுத்துறை அதிகாரி ஒருவர் எழுதிய குறிப்பு, காஸ்ட்ரோவுக்கு மக்கள் ஆதரவு இருப்பதை ஒப்புக்கொண்டு, பசியாலும் விரக்தியாலும் அந்த ஆதரவைக் கரைக்க வேண்டும் என்றது. பசியை ஆயுதமாக்கும் எந்தக் கொள்கையையும் என்னால் ஏற்க முடியாது, அது எந்தக் கொடியின் கீழ் வந்தாலும். ஒபாமா 2015-இல் தூதரகத்தைத் திறந்தார். தடையை நீக்க அவரால் முடியவில்லை. அது சட்டம் ஆகிவிட்டதால் காங்கிரஸ்தான் நீக்க வேண்டும், அங்கே அதற்கு ஓட்டு இல்லை.