துரு முந்துமா, தூரிகை முந்துமா?

பாலத்தில் எந்த இடத்தை உப்பு முதலில் தின்னும்?
*(மீனவர், மண்டபம்)*

அலை தெறிக்கும் உயரத்தை. எப்போதும் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் பகுதிக்கு ஆக்சிஜன் குறைவு, அதனால் ஆபத்தும் குறைவு. தெறிப்பு விழும் இடமோ நனையும், காயும், மறுபடி நனையும். உப்பு அங்கேயே தங்கும். காற்றுக்கும் பஞ்சமில்லை.

கான்கிரீட்டுக்குள் புதைத்த கம்பியுமா துருப்பிடிக்கும்?
*(கட்டட மேஸ்திரி, நாகப்பட்டினம்)*

பிடிக்கும். கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பிமேல் ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலத்தை உண்டாக்குகிறது. உப்பிலுள்ள குளோரைடு நுண்துளை வழியே ஊறி வந்து அதை உடைத்துவிடும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அதனால் உள்ளிருந்தே நெம்பும். கம்பி ஓடும் திசையிலேயே முடியளவு விரிசல், அதிலிருந்து பழுப்புக் கசிவு, சுத்தியலால் தட்டினால் பொள்ளென்ற சத்தம்: இந்த மூன்றையும் பார்த்த பிறகு மேலே சிமென்ட் பூசி மறைப்பது பெரும் தவறு. பூச்சுக்குள் துரு வளர்ந்துகொண்டேதான் இருக்கும். துரு வராமல் தடுக்க உங்கள் கையில் இருக்கும் மருந்து, கம்பிக்கும் அச்சுப் பலகைக்கும் இடையே வைக்கும் கவர் பிளாக். அலை ஏறி இறங்கும் இடத்தில் கம்பிக்கு மேல் 75 மி.மீ. கான்கிரீட் வேண்டும் என்கிறது இந்தியக் கான்கிரீட் தரநிலையான ஐ.எஸ். 456. அதில் ஒரு மில்லிமீட்டர்கூட மிச்சம் பிடிக்காதீர்கள்.

பழைய பாம்பன் பாலம் நூறாண்டு தாண்டியது. புதியது தாண்டுமா?
*(வாசகர், ராமேஸ்வரம்)*

1914-ல் திறந்த பாலம் அது. 1964 புயல் கர்டர்களை வாரிக்கொண்டு போனது; பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் மீட்டார்கள். புயலையே தாண்டிய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியது துருதான். அதுவரை தாங்கியதற்கு, கடலுக்கு மேலே தொங்கியபடி சுரண்டிச் சுரண்டி பெயின்ட் அடித்த தொழிலாளர்களுக்குத்தான் நன்றி சொல்லவேண்டும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்ஸேன் பெயின்ட், உப்பு ஒளிய இடுக்கில்லாத வெல்டிங் இணைப்பு எல்லாம் உண்டு. நல்ல தொடக்கம். ஆனால் பெயின்டின் ஆயுளை நம்பி ஆளைக் குறைத்தால் நூறாண்டு கனவுதான். கீறல் சிறிதாக இருக்கும்போதே பார்க்கும் கண் வேண்டும்.

துருப்பிடிக்காத கம்பிக்குப் பல மடங்கு விலையாமே?
*(ஒப்பந்ததாரர், தூத்துக்குடி)*

மெக்சிகோவின் ப்ரோக்ரெசோ துறைமுகத்தைப் பாருங்கள். 1940-களின் தொடக்கத்தில் அந்தக் கம்பி போட்டுக் கட்டி முடித்த நீண்ட கடல்துறை இன்றும் நிற்கிறது. பக்கத்திலேயே சாதாரணக் கம்பியில் பின்னால் கட்டிய துறை சிதைந்து போனது. பாலம் முழுக்கப் போட வேண்டியதில்லை. தெறிப்பு விழும் பகுதிக்குப் போட்டாலே பெரும் லாபம்.

துருவைப் பற்றிப் படிக்க எங்கே போகவேண்டும்?
*(பிளஸ் 2 மாணவி, காரைக்குடி)*

எங்கும் போகவேண்டாம். 1953 முதல் உங்கள் ஊரிலேயே இருக்கிறது, செக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். மண்டபம் கடற்கரையில் அவர்களுக்குத் துரு ஆய்வு மையமே உண்டு. பி.டெக். படிப்பும் நடத்துகிறார்கள். விண்ணப்பித்துவிடுங்கள், அம்மா.