காற்றோட்டமான வீடு விற்பனைக்கு

சென்னையில் வீடு வாங்கப் போகிறேன் என்று ஒருவன் வாய் திறந்தால் போதும், ஊரே கேட்கும் கேள்வி "ஏரியா எப்படி?" என்பதுதான். கேள்வி ஒன்றுதான், பொருள்தான் ஏரியாவுக்கு ஏரியா மாறும். அடையாறு என்றால், "உன்கிட்ட அவ்வளவு பணம் ஏது?" என்று பொருள். வேளச்சேரி என்றால், "மழை பெய்தால் முழங்காலா, இடுப்பா?" என்று பொருள். நான் திருவொற்றியூர் என்றேன். கேட்டவர்கள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்கள்.

"அங்கே வெட்டு, குத்து எல்லாம் எப்படி?"

என்னவோ அதுவும் மெட்ரோ வாட்டர் லாரி மாதிரி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், நாங்கள் குடத்தோடு வரிசையில் நிற்போம் என்கிற தோரணையில்.

பல வருஷமாக ராயபுரத்தில் வாடகைக்கு இருக்கிறேன். துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை. இத்தனை வருஷத்தில் என்மேல் யாரும் கத்தி வைத்ததில்லை. வாடகையை ஏற்றும்போது வீட்டு ஓனர் வைத்ததைத் தவிர. ஆனால் என் மாமனாருக்கு அனுபவச் சாட்சியம் செல்லாது, திரைச் சாட்சியம்தான் செல்லும். அவர் மேற்கு மாம்பலம்வாசி. பாரிமுனைக்கு வடக்கே இருக்கிற உலகம் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் சினிமாவில் பார்த்தது. 2018-இல் வந்த 'வட சென்னை' படத்தை அவர் படமாகப் பார்க்கவில்லை, எஃப்.ஐ.ஆராகப் படித்தார். அதில் கதாநாயகன் கேரம் ஆட்டக்காரன் என்பதால், தெருவிளக்குக்குக் கீழே நாலு பையன்கள் கேரம் ஆடுவதைப் பார்த்ததும் மாமாவின் கை சட்டைப் பைக்குப் போய்விட்டது. ஸ்ட்ரைக்கர் டப்பென்று ஓசை எழுப்ப, ஓரடி பின்வாங்கினார். பையன்களில் ஒருவன் நிமிர்ந்து பார்த்தான்.

"பெருசு, கொஞ்சம் நவுந்துக்கோ. லைட்டு மறைக்குது."

"மாப்பிள்ளை, மிரட்டுறான் பாருங்க" என்றார் மாமா, என் காதருகே.

அதே மாமா காசிமேட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரத்தின் விலையைக் கேட்டதும் சட்டைப் பையிலிருந்து கையை எடுத்தார். பணத்தோடு எடுத்தார். சினிமா உண்டாக்கிய பயத்தை மீன் விலைதான் போக்கியது என்று ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதலாம்.

புரோக்கருக்கு வருவோம். அவர் எங்களுக்கு வீடு காட்டிய நேரம் எப்போதும் சாயங்காலம் நாலு மணி. காலையில் வரலாமா என்றால், "காலைல ஓனர் பூஜைல இருப்பார் சார்." ராத்திரி? "கரண்ட் வேலை நடக்குது சார்." நாலு மணிக்குப் போனால் பால்கனிக் கதவை அகலத் திறப்பார். கடற்காற்று குபுகுபுவென்று உள்ளே வரும். "பாத்தீங்களா? ஏசியே தேவையில்ல. அந்தப் பக்கம் மெட்ரோ. இந்தப் பக்கம் வடிவுடையம்மன். வேற என்ன சார் வேணும்?"

மெட்ரோ விஷயம் உண்மை. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் ரயில் வந்தது. கூடவே வீட்டு விலையும் மேலே ஏறியது, அதற்கு எஸ்கலேட்டர் தேவைப்படவில்லை. வடிவுடையம்மனும் உண்மை. காற்றும் உண்மைதான், ஆனால் அது நாலு மணி உண்மை.

இதை எனக்கு விளக்கியவர் அந்தத் தெருமுனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிற அண்ணன். காற்றைப் பற்றி யாரைக் கேட்பது என்று எனக்கு முதலில் தெரியவில்லை. வெள்ளைச் சட்டை எந்த மொட்டைமாடியில் காய்ந்து என்ன நிறத்தில் திரும்பி வருகிறது என்பதைத் தினமும் கையால் தொட்டுப் பார்க்கிற மனிதரைவிட யாருக்குத் தெரியும்? பெட்டியில் கரியை ஊதிக்கொண்டே சொன்னார்: "சாய்ந்தரம் கடல்லேந்து வர காத்து சார், அது எல்லாத்தையும் அந்தாண்ட தள்ளிடும். விடியகாலைல அஞ்சு மணிக்கு வா. அப்ப காத்து மணலிலேந்து வரும். அதுக்கப்புறம் ஊடு புடிச்சிருக்கான்னு சொல்லு."

பள்ளிக்கூடத்தில் கடற்காற்று, நிலக்காற்று என்று படம் போட்டுப் படித்திருக்கிறோம். பகலில் கடலிலிருந்து நிலத்துக்கு, இரவில் நிலத்திலிருந்து கடலுக்கு. அம்புக்குறி சரியாகப் போட்டதற்கு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்த அம்புக்குறியின் வால் முனையில் பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் இருந்தால் என்ன ஆகும் என்று பாடத்தில் இல்லை. விடியற்காலை போனேன். இஸ்திரி அண்ணன் வீட்டு வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், மூக்கை லேசாகத் தூக்கி, "இது கேஸு. நேத்து வந்தது வேற" என்று ரகம் பிரித்தார்.

இப்போது ஆடி மாதத்துக்கு வாருங்கள். ஆடியில் யாரும் வீடு பார்ப்பதில்லை, அட்வான்ஸ் கொடுப்பதில்லை, பால் காய்ச்சுவதில்லை. ஆடிக் காத்தில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தக் காற்று அடிப்பது மேற்கிலிருந்து. அதாவது, வருஷத்திலேயே மணலியின் வாசனை திருவொற்றியூர் வரவேற்பறைக்குள் தாராளமாக வந்து உட்கார்கிற மாதத்தில், வீடு வாங்குகிறவன் ஒருவனும் இந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டான். தை பிறந்து, வழி பிறந்து, வானம் வெளுத்தபிறகுதான் வருவான். ஆடி ஆகாது என்று முதலில் சொன்னவர் ஜோசியராக இருக்க முடியாது. நிச்சயம் ரியல் எஸ்டேட்காரர்தான்.

வாஸ்து நிபுணர் ஒருவரும் வந்தார். மாமாவின் ஏற்பாடு. திசைகாட்டியை வைத்துச் சமையலறை அக்னி மூலையில் இருக்கிறது, பரம திருப்தி என்றார். வாயு மூலை எப்படி என்று கேட்டேன். சன்னல் சற்று பெரிதாக இருந்தால் விசேஷம் என்றார். வாயு என்று அவர் சொன்னதும் நான் நினைத்ததும் ஒன்றல்ல என்பதால் விட்டுவிட்டேன்.

கடல் பார்த்த வீடும் ஒன்று காட்டினார்கள். தெற்கே கொட்டிவாக்கத்தில் கடல் பார்த்த வீடு என்றால் நாம் கடலைப் பார்ப்போம். இங்கே கடல் நம்மைப் பார்க்கும். 1870-களில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்களைக் கடலுக்குள் கட்ட ஆரம்பித்தார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் முட்டி நின்றது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. சுண்டல், குதிரை, தலைவர் சிலைகள் எல்லாம் வந்தன. வடக்கே மணல் வராததால் அலை கரையைத் தின்ன ஆரம்பித்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை குப்பம் குப்பமாகத் தெருக்களை விழுங்கியது. அப்புறம் பாறாங்கல்லைக் கொட்டி அதன் வாயை அடைத்தார்கள். மாமா பால்கனியில் நின்று, "நம்ம பக்கம் மாதிரி பீச் இல்லையே" என்று குறைப்பட்டார். நீங்கள் வாக்கிங் போகிற மணலே எங்களுடையதுதான் மாமா என்று சொல்ல வந்து, வீட்டுக் கடனுக்கு அவர் தர ஒப்புக்கொண்டிருந்த முன்பணத்தை நினைத்து மென்று விழுங்கினேன்.

ராயபுரத்தில் ஒரு காலத்தில் கறுப்புத் தூசி பிரசித்தம். துறைமுகத்தில் நிலக்கரி இறக்கினார்கள். ஊர் முழுக்க மை பூசிக்கொண்டது. உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011-இல் அந்த நிலக்கரி எண்ணூருக்குப் போனது. அரசு ஊழியருக்குக்கூட அவ்வளவு சுலபமாக இடமாற்றம் கிடைக்காது. வெள்ளைக்கார துரைமார்கள் ஓய்வெடுக்கப் பங்களா கட்டிக்கொண்ட ஊர் எண்ணூர் என்றால் இன்று யாராவது நம்புவார்களா? ஒருவேளை அவர்கள் ஆடியில் பார்க்காமல் கட்டியிருக்கலாம்.

கன்டெய்னர் லாரிகளைப் பற்றி நான் அதிகம் பேசக்கூடாது. துறைமுக வாசலுக்காக எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கிற அந்த டிரெய்லர்களுக்கு அடியில் டிரைவர்கள் அடுப்பு மூட்டிச் சோறு வடிப்பதைப் பார்த்திருக்கிறேன். தொங்குகிற பெட்டியில் தக்காளி, வெங்காயம், உப்பு எல்லாம் ஒழுங்காக இருக்கும். என் பைக் அங்கே மாட்டிக்கொள்கிற நாளில், முன்னால் நிற்கிற பெட்டிக்கு பில் ஆஃப் என்ட்ரி போட்டவன் நானாகவே இருக்கக்கூடும் என்பதால் ஹார்ன் அடிப்பதில்லை.

வக்கீல் பத்திரம் பார்த்தார். தாய்ப்பத்திரம், பட்டா, முப்பது வருஷ வில்லங்கச் சான்றிதழ். "டைட்டில் படு சுத்தம். ஒரு வில்லங்கமும் இல்லை" என்றார். அந்தக் காகிதத்தில் யார் யாரிடம் அடமானம் வைத்தார்கள், எந்த மைனர் எந்த வருஷம் மேஜரானார் என்பதெல்லாம் இருக்கிறது. தரைக்குக் கீழே எந்தக் கம்பெனியின் குழாய் போகிறது என்பது இல்லை.

குழாய் என்று ஏன் சொல்கிறேன்? 2013-இல் தண்டையார்பேட்டையில் சில தெருக்களில் போர்வெல்லில் தண்ணீருக்குப் பதில் எண்ணெய் வந்தது. அரபு நாடாக இருந்தால் குடும்பத்தோடு ஆடிப் பாடியிருப்பார்கள். இங்கே மூக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தார்கள். பூமிக்குள் போகும் குழாய் ஒன்று கசிந்திருந்தது. 2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கரையெல்லாம் தாராகக் கொழகொழவென்று ஒதுங்கிய எண்ணெயை எதிர்த்து நம் தரப்பு களமிறக்கிய ஆயுதம் பிளாஸ்டிக் வாளி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தது. படகு, வலை, வாசல்படி எல்லாம் கறுப்பு. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு, கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி, பிள்ளைகளை அள்ளிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள்.

இது புதிதுமல்ல. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்கிற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக்கு முன்னால் வந்து நின்று குறிவைத்தது கோட்டையை அல்ல, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை. தொட்டி எரிந்தது, பாதி ஊர் மூட்டை கட்டியது. கூப்பிடு தூரத்தில் எண்ணெயைத் தேக்கிவைத்துக்கொண்டு குடியிருப்பது எப்படிப்பட்டது என்று அந்த ஜெர்மன் கேப்டனுக்கே தெரிந்திருக்கிறது. நூறு வருஷம் கழித்தும் என்னிடம் ஏரியா எப்படி என்று கேட்டவர்களில் ஒருவரும் தொட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. எல்லாரும் கேரம் ஆடுகிற பையனைப் பற்றித்தான் கேட்டார்கள். அந்தப் பையன் அதிகபட்சம் என் தலையில் ஸ்ட்ரைக்கரை எறிவான். அம்மோனியா அப்படியில்லை. அதன் பெயர் எந்த ஸ்டேஷனின் ரவுடிப் பட்டியலிலும் கிடையாது.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். "அப்போ வேண்டாம்னு சொல்றீங்களா?" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த ஊரில் வேறொன்றும் இருக்கிறது. 2021 டிசம்பர் 27, திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பு ஒன்று இடிந்து விழுந்தது. 24 வீடுகள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. விரிசல் பெரிதாவதைப் பார்த்தவர்கள், எல்லாரையும் வெளியே வரவைத்துவிட்டார்கள். சற்று நேரத்தில் கட்டடம் உட்கார்ந்துவிட்டது. கட்டியவர்கள் கைவிட்ட இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். பக்கத்து ஃபிளாட்டில் யார் இருக்கிறார்கள் என்பதே தெரியாத, செக்யூரிட்டியும் சிசிடிவியும் உள்ள அபார்ட்மென்டுகளில் அந்த விரிசலை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, யாராவது தம்ஸ் அப் வைக்கக் காத்திருந்திருப்பார்கள்.

ஆகவே கடைசி சோதனையாகப் பக்கத்து வீட்டை விசாரிக்கப் போனேன். மாமாவும் வந்தார். வாசலில் ஒரு ஆயா கால் நீட்டி உட்கார்ந்து, முறத்தில் சுண்டல் கடலையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். மகளை எண்ணூர் பெரியகுப்பத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறாராம். நான் கேள்வியை ஆரம்பிப்பதற்கு முன்னால் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா, ஊடு பாக்க வந்தியா? இன்னா வேல?"

சொன்னேன்.

"குட்ச்சிட்டு வந்து சலம்புவியா?"

"இல்லைங்க ஆயா."

"தண்ணி லாரி வந்தா உன் கொடத்த மட்டும் பாப்பியா, பக்கத்து ஊட்டுக் கொடத்தையும் வெப்பியா?"

வைப்பேன் என்றேன். மாமா என்னைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். மாம்பலம் வீட்டில் நான் காபித் தம்ளரைக்கூட எடுத்து வைத்ததில்லை.

ஆயா முறத்தைக் கீழே வைத்தார். "அன்னிக்கி கேஸ் வந்தப்போ என் பொண்ணு ஊட்டாண்ட ஒவ்வொரு கதவா தட்டித்தான் எழுப்பினாங்கோ. ஏசி போட்டுக் கதவ சாத்திக்கினு படுத்தவன் எந்திரிக்கவே இல்ல, ஒடச்சித்தான் தூக்கினாங்கோ. ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவ தட்டினா நீ எந்திரிப்பியா?"

நான் வாய் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். எங்கிருந்துதான் அவருக்கு அப்படியொரு சத்தியம் வந்ததோ.

"அது கஷ்டம்மா. இவர் தூங்கினா இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். என் பொண்ணு எழுந்துப்பா. ஒரே தட்டு போதும்."

ஆயா என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு மாமாவிடம் சொன்னார்:

"அப்போ பத்திரத்த பொண்ணு பேர்ல போடு."