480 வரை எண்ணத் தெரிந்தவர்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் எளாவூர்ப் பக்கத்திலும் ஆலை நடத்தும் பெரியவர்களே, உங்களைப் பாராட்ட வேண்டியது நிறைய இருக்கிறது. ஆண்டறிக்கையில் பன்முகத்தன்மைக்கும் சம ஊதியத்துக்கும் என்று நீங்கள் ஒதுக்கும் பக்கத்தில் பொய் இருப்பதில்லை. பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம், வங்காளம் என்று பாதி இந்தியா உங்கள் கேட்டுக்குள் இருக்கிறது. ஃபர்னஸை நெருங்க நெருங்க மாநிலங்களின் எண்ணிக்கை கூடுகிறது. ஏ.சி. அறைகளின் பக்கம் திரும்பினால் குறைந்துகொண்டே வருகிறது. சூடும் தூசியும் மிகுந்த இடத்தில் இத்தனை மொழிக்காரர்களுக்கு இடம் விட்டுக்கொடுக்க எல்லோருக்கும் மனசு வராது.

2020 மே மாதம் அந்தப் பன்முகத்தன்மையை ஊரே பார்த்தது. ஊரடங்கில் சம்பளமும் சாப்பாடும் நின்றுபோய், மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்கத்தா சாலையில் வடக்கே நடந்தார்களே, அவர்கள்தான். சிலர் பழைய சைக்கிள் வாங்கி மிதித்தார்கள். 1979-ஆம் ஆண்டின் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் அவர்களுக்கு ஒரு படி தரச் சொல்லியிருந்தது: வேலைக்கு எடுக்கும்போதே மாதக் கூலியில் பாதி, திருப்பிக் கேட்கக் கூடாது, போகவர வழிச்செலவு தனி. நாற்பது ஆண்டுகள் அந்தப் படியைப் பற்றி வாய் திறக்காமல் காத்தீர்கள். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதைக் கைவிட்டேவிட்டது. உங்கள் பொறுமை வீண்போகவில்லை.

சம ஊதியத்தில் உங்கள் சாதனை இன்னும் பெரிது. பழைய பாணி ரோலிங் மில்லுக்குள் ஒரு ஷிப்ட் நின்று பார்த்தால் தெரியும். உருளைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். செக்கச்செவேலென்று பாய்ந்து வரும் கம்பியை ஒருவர் இடுக்கியால் கவ்வித் திருப்பி அடுத்த காடிக்குள் செருக வேண்டும். மறுபக்கம் வெளிவருவதை மற்றவர் கவ்வ வேண்டும். ஒரு நொடி பிசகினால் கம்பி சுருண்டெழுந்து காலைச் சுற்றும். இருவருக்கும் ஒரே சூடு, ஒரே ஆபத்து, ஒரே கம்பி. ஆனால் ஒருவர் கம்பெனி ரோல், மற்றவர் கான்ட்ராக்ட். கழுத்தில் தொங்கும் அட்டைக் கயிற்றின் நிறம் வேறு, சம்பளமும் வேறு. ஒரே நிறக் கயிற்றுக்காரர்களுக்குள் எல்லோருக்கும் ஒரே கூலிதான். அந்தச் சமத்துவத்தில் நீங்கள் ஒரு ரூபாய்கூடப் பிசகியதில்லை.

ஒரே மாதிரி வேலை செய்தால் கான்ட்ராக்ட் ஆளுக்கும் நேரடி ஆளுக்குத் தரும் கூலியையே தர வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் விதிகள் கூறின. அரசின் தற்காலிக ஊழியர் தொடர்பான வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம், ஒரே வேலைக்குக் குறைத்துக் கொடுப்பது மனிதக் கண்ணியத்தையே அடிக்கும் செயல் என்றது. இத்தனைக்கும் நடுவில் வழி கண்டுபிடித்தீர்களே, அந்தத் திறமையைச் சொல்ல வேண்டும். பத்து வருடமாக வெல்டிங் பிடிப்பவரின் பெயருக்கு எதிரே மஸ்டர் ரோலில் ‘ஹெல்பர்’ என்று எழுதினால் போதும். வேலை வேறாகிவிடுகிறது, சட்டமும் விலகி நிற்கிறது. இங்கிலாந்தில் ஃபோர்டு கம்பெனிக்கு இந்தப் பக்குவம் போதவில்லை. டாகன்ஹாம் ஆலையில் கார் சீட் உறை தைத்த 187 பெண்களைத் திறன் குறைந்த தரத்தில் எழுதிவைத்தார்கள். 1968-இல் அந்தப் பெண்கள் தையல் மெஷினை நிறுத்திவிட்டார்கள். இரண்டே வருடத்தில் அந்த நாட்டில் சம ஊதியச் சட்டம் வந்தது. தரத்தைத் திருத்திக் கொடுக்கத்தான் 1984 வரை ஆனது.

உங்கள் கணக்குத் திறமைக்கு ஈடே கிடையாது. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம். வேறு மாநிலத்தார் பொறாமைப்பட வேண்டிய சட்டம். நம்முடைய சட்டசபை செய்தது. அந்த எண்ணை உங்களைப்போல மனசில் வைத்திருப்பவர் யாருமில்லை. நாள் நெருங்கும்போது கான்ட்ராக்டரின் பெயர் மாறுகிறது. அதே ஆள், அதே மெஷின், அதே சூப்பர்வைசர். கேட் பாஸ் மட்டும் புதுசு. கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. ஐந்து வருடம் முடித்தால் கிராஜுவிட்டி என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னதும் இந்தக் கணக்கில் கரைந்துபோகிறது. தலை நரைத்தவர் ஒருவர் ஒவ்வொரு வருடமும் புது ஆளாக வேலைக்குச் சேர்கிறார். அவருக்கு வயதும் முதுகுவலியும் ஏறுகின்றன, சர்வீஸ் மட்டும் ஏறுவதே இல்லை. இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

பெண்கள் விஷயத்திலும் உங்களைக் குறை சொல்ல முடியாது. இந்தியாவில் ஆலை வேலை செய்யும் பெண்களில் நாற்பது சதவீதத்துக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். அதில் உங்களுக்கும் பங்குண்டு. ஆண் ஹெல்பருக்கும் பெண் ஹெல்பருக்கும் ஒரே கூலி என்று அறிக்கையில் போடுகிறீர்கள், உண்மைதான். ஆணின் கூலியையும் குறைந்தபட்சக் கூலிக்கு இறக்கிவிட்டால் இடைவெளி தானாக மூடிக்கொள்கிறது. பேக்கிங், ஸ்கிராப் பிரிப்பது, ஹவுஸ்கீப்பிங் ஆகிய பிரிவுகளில் பெண்களை மட்டுமே வைத்தால், ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் ஆணே இருப்பதில்லை. மும்பையில் மெக்கினன் மெக்கன்சி என்ற கப்பல் கம்பெனி இதே வழியில்தான் போனது: பெண் ஸ்டெனோக்கள் தனி ரகம், ஆண் ஸ்டெனோக்கள் தனி ரகம் என்றது. ஆட்ரி டி’கோஸ்டா என்ற பெண் வழக்குப் போட்டார். வேலை ஒன்றுதான், கூலியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பேக்கிங் பெண்கள் கோர்ட்டுக்குப் போக லீவு வேண்டும். லீவு போட்டால் அன்றைய கூலி கிடையாது. அந்த வகையிலும் நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்.

ஊர்க்காரர்களை எப்படி மறப்பேன்? ஆலைகளுக்கு நிலம் போன குடும்பத்துப் பையன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்து கேட்டால், லோக்கல் ஆள் சாவு, திருவிழா என்று லீவு போடுவான், சங்கம் வைப்பான் என்று கேட்டிலேயே பதில் கிடைக்கிறது. அவனுக்குத் தோட்ட வேலை உண்டு, செக்யூரிட்டி வேலை உண்டு. டீக்கடையில் உட்கார்ந்து, ‘இந்திக்காரப் பசங்க வந்து நம்ம வேலையைக் கெடுத்துட்டாங்க’ என்கிறான். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒடிசாக்காரருக்கும் நிரந்தரம் கிடையாது என்பது அவனுக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி கதவை அடைத்துவிட்டு, அவர்களை ஒருவரையொருவர் முறைக்க வைத்திருக்கிறீர்கள். கோபம் உங்கள் மதில் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ளும் இந்தச் சாமர்த்தியத்துக்கு நிர்வாகக் கல்லூரிகளில் பாடமே வைக்கலாம்.

ஒன்றே ஒன்று பாக்கி. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் இயக்குநரின் சம்பளம் ஊழியரின் இடைநிலைச் சம்பளத்தைப்போல எத்தனை மடங்கு என்று வெளியிட வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம். அவற்றில் சந்தை மதிப்பில் முதல் 1000 கம்பெனிகள் 2022-23 முதல் நிரந்தரத் தொழிலாளர் எத்தனை பேர், மற்றவர் எத்தனை பேர் என்றும் செபிக்குச் சொல்கின்றன. தலைகளை எண்ணும்போதும், அட்டைப் படத்துக்கு ஹெல்மெட்டோடு சிரிக்கச் சொல்லும்போதும் கான்ட்ராக்ட் பெண் உங்கள் குடும்பம். இடைநிலைச் சம்பளம் போடும்போது அவள் கான்ட்ராக்டர் வீட்டுப் பெண். அடுத்த அறிக்கையில் எல்லா நிறக் கயிற்றுக்காரர்களையும் சேர்த்து அந்த எண்ணைப் போடுங்கள். உங்கள் கணக்குப் பிரிவுக்கு அது அரை நாள் வேலை. யார் எத்தனை நாள் வந்தார், கையில் எவ்வளவு வாங்கினார், பி.எஃப். எவ்வளவு என்ற பட்டியல் மாதாமாதம் கான்ட்ராக்டரின் பில்லோடு உங்கள் மேஜைக்குத்தானே வருகிறது.