கூஃப்தே உருண்டையின் விட்டமும் குடும்ப அமைதியும்: பருப்பு ஆஷ் குறித்த ஓர் ஆய்வு

ஈரானியர் ‘ஆஷ்’ என்று அழைக்கும் கெட்டிச் சூப்பு வகைகளுள், பருப்பும் ‘கூஃப்தே’ என்ற இறைச்சி உருண்டையும் ஒரே பானையில் வேகும் பிரிவு ஒன்று உண்டு. முழு மைசூர்ப் பருப்பு, கொத்துக்கறி, வெங்காயம், மஞ்சள், கொஞ்சம் கீரை, புளிப்புக்கு மாதுளைப் பாகு என்று சாமான் பட்டியல் சிறியதே. இவற்றுள் எது எவ்வளவு என்பது இரண்டாம் நிலைக் கேள்வி. உருண்டை எவ்வளவு பெரியது என்பதே இத்துறையின் மையச் சிக்கல். அதை விட்டுவிட்டுப் பருப்பை அளப்பதிலேயே காலத்தைப் போக்கும் சமையல் நூல்கள் இங்கே கணக்கில் கொள்ளப்படவில்லை.

பருப்பின் தொன்மைக்குச் சான்று வலுவானது. மேற்கு ஈரானில், சாக்ரோஸ் மலையடிவாரத்துச் சோகா கோலான் அகழாய்வில், ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய குடியிருப்பின் அடுக்குகளில் காட்டு வாற்கோதுமையோடு இப்பருப்பும் கிடைத்துள்ளது. உருண்டை கிடைக்கவில்லை. மிச்சம் வைக்கப்படாத பொருள் மண்ணில் தடயம் விடாது என்பதால், அன்று உருண்டை இல்லை என்று இதைக்கொண்டு வாதிட இயலாது.

எழுத்துச் சான்றுகள் பிற்காலத்தவை. சஃபாவித் அரசின் தொடக்கக் காலத்தில், 1521இல், பாவர்ச்சி என்ற சமையற்காரர் சமையல் நூல் எழுதினார். ஆயினும் ஆஷ் அரசியல் தகுதி பெற்றது கஜார் மன்னர் நாசிருத்தீன் ஷா (ஆட்சி 1848–1896) காலத்தில்தான். ஆண்டுக்கொருமுறை நடந்த ஆஷ் சமைக்கும் விழாவில் அமைச்சர்களும் பிரபுக்களும் தரையில் அமர்ந்து காய்கறி ஆய்ந்தார்கள். இதற்குப் புகைப்படமே இருக்கிறது. அரசாங்கக் கோப்பு ஒருநாள் கீரைக்கட்டுக்காகக் காத்திருக்கலாம் என்ற கொள்கைக்கு இதைவிட மேலான முன்னுதாரணம் தேவையில்லை.

இனி உருண்டை. இதில் இரு பள்ளிகள் உள்ளன. தப்ரீஸ் நகரத்துப் பள்ளி பேருருண்டையை ஆதரிக்கிறது. அதன் வயிற்றுக்குள் அவித்த முட்டை, உலர்ந்த பிளம், வால்நட் ஆகியவை வைக்கப்படும். முழுக் கோழியையே உள்ளே வைப்பவர்களும் உண்டு. கெல்கெலி பள்ளியினர் விரல் நுனிகளுக்குள் அடங்கும் சிற்றுருண்டையை உருட்டுகிறார்கள். தப்ரீஸ் உருண்டை தனிப்பெரும் படைப்பு. அது தட்டில் தனியே அமர வேண்டியது. பருப்போடு சேரும்போது கெல்கெலி பள்ளியே சரி. ஒரு கரண்டிக்குள் உருண்டையும் பருப்பும் சேர்ந்து ஏற வேண்டும். ஏறாவிட்டால் உண்பவர் முதலில் உருண்டையைத் தின்றுவிட்டுப் பிறகு வெறும் பருப்பை வெறித்துப் பார்ப்பார்.

கணக்கும் இதையே சொல்கிறது. வெங்காயமும் சேர்ந்த கறிக்கலவை 250 கிராம் என்றும், அதன் அடர்த்தி தண்ணீரை ஒட்டியது என்றும் கொள்வோம். விட்டம் 3 செ.மீ. என்றால் 17 உருண்டைகளும் கையில் ஒட்டிய மீதியும் கிடைக்கும். 2 செ.மீ. என்றால் கிட்டத்தட்ட 60. விட்டத்தில் ஒரே ஒரு செ.மீ. கூடியதற்கு எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. நால்வர் உள்ள வீட்டில் 60ஐ வகுத்தால் ஆளுக்கு 15, மீதி இல்லை. 17ஐ வகுத்தால் ஒன்று மிஞ்சும். “எனக்கு வேண்டாம், நீ சாப்பிடு” என்று தொடங்கி, யார் யாருக்கு எப்போது விட்டுக்கொடுத்தார் என்ற பழைய வரலாறு முழுவதையும் வெளியே இழுப்பது அந்தப் பதினேழாவது உருண்டைதான்.

உருண்டை பானைக்குள் உடைவது இத்துறையின் இரண்டாவது பெருந்துயரம். முதற்குற்றவாளி வெங்காயம். அதை நறுக்காமல் துருவி, சாற்றை ஒட்டப் பிழிந்துவிட வேண்டும்; ஈரம் தங்கினால் கறி ஒன்றையொன்று பற்றாது. உப்பு, மிளகுத்தூள், மஞ்சள்தூள் சேர்த்து ஐந்து நிமிடம் பிசைய வேண்டும். உப்பு இறைச்சியின் மயோசின் புரதத்தைக் கரைத்து வெளியே கொண்டுவரும். சூடு பட்டதும் அது இறுகிப் பசையாகும். ஆகவே முட்டையோ ரொட்டித்தூளோ வேண்டியதில்லை. அவற்றைச் சேர்ப்பது பிசையச் சோம்பியவர்களின் மார்க்கம்.

பருப்பை ஊறவைக்கத் தேவையில்லை. வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, மஞ்சள் போட்டு, ஒரு கோப்பைப் பருப்புக்கு ஆறு கோப்பைத் தண்ணீர் ஊற்றினால் 20 முதல் 30 நிமிடத்தில் வெந்துவிடும். மாதுளைப் பாகை முதலிலேயே ஊற்றும் ஆர்வக்கோளாறு மட்டும் கூடாது. புளிப்பு பருப்பின் பெக்டினை இளகவிடாது. பருப்பு மணிக்கணக்கில் விறைத்துக்கொண்டு நிற்கும். கால்சியம் மிகுந்த உப்புத் தண்ணீரும் அதே வேலையைச் செய்யும்.

பருப்பு பாதி வெந்ததும் கீரையையும் உருண்டைகளையும் இறக்கலாம். தளதளவென்று கொதிக்கும் பானையில் அல்ல, மெல்லக் குமிழியிடும் பானையில். முதல் ஐந்து நிமிடம் கரண்டிக்கு வேலையில்லை. இந்த ஐந்து நிமிடம் சமைப்பவரின் குணத்துக்கு வைக்கப்படும் சோதனை; பெரும்பாலோர் மூன்றாவது நிமிடத்திலேயே கிளறிவிடுகிறார்கள். மொத்தம் 15 நிமிடம் போதும். கொத்துக்கறியின் உள்வெப்பம் 71 பாகை செல்சியஸைத் தாண்ட வேண்டும் என்பதே விதி, 2 செ.மீ. உருண்டைக்கு அது பெரிய காரியமில்லை. மாதுளைப் பாகு கடைசியில்.

உப்புப் பார்க்கும் அதிகாரம் ஒருவரிடமே இருக்க வேண்டும். சமையற்காரர் இருவரானால் ஆஷ் ஒன்று உப்புக் கரிக்கும் அல்லது உப்பில்லாமல் போகும் என்பது ஈரானியப் பழமொழி. மூன்றாவது சாத்தியத்தை அது பரிசீலிக்கவே இல்லை.

ஆஷின் மேலே ஊற்றும் புதினாத் தாளிப்புக்கு மருத்துவக் காரணம் சொல்லப்படுகிறது. ஈரானிய மரபில் உணவுகள் சூடு, குளிர்ச்சி என்று பிரிக்கப்படுகின்றன. தமிழ் வாசகர்க்கு இதை விளக்கத் தேவையில்லை. பருப்பு அங்கே குளிர்ச்சி, புதினா சூடு. எண்ணெயைக் காயவைத்து அடுப்பை அணைத்த பிறகே உலர்ந்த புதினாத் தூளைப் போட வேண்டும். அதை ஆஷில் ஊற்றச் சில நொடி தாமதித்தாலும் கருகிக் கசக்கும்.

மீந்த ஆஷ் மறுநாள் காலையில் களிபோல் இறுகியிருக்கும். பருப்பின் மாவுச்சத்து செய்யும் வேலை அது. வெந்நீர் ஊற்றிச் சூடாக்கினால் இளகும். உப்பை மட்டும் இன்னொருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.